முப்பது கிலோவொட்டும் செல்லச்சாமியின் கையெழுத்தும்

பல்லேகல கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி, கைத்தொழில் பேட்டைக்குப் போகிற வழியில் நீலத் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருந்தது. அந்தப் பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. செல்லச்சாமி கையெழுத்துப் போடாத இயந்திரம் கேற்றைத் தாண்டாது. லொறி வந்து காத்துக்கிடந்தாலும் தாண்டாது, முதலாளியே பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலும் தாண்டாது. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதருக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், அவரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொல்வார். இங்கே அவ்வளவு நேரம் எடுக்காது.

பட்டறையில் செய்தது மைக்ரோவேவ் இயந்திரங்கள். வீட்டில் சோறு சூடாக்குகிற சின்னப் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி முப்பது பெட்டிகள் சேர்ந்து கொடுக்கிற சூட்டை ஒரே குழாய்க்குள் தள்ளும் ஆளுயர இயந்திரம் இது. மழைக்காலத்தில் மிளகையும் கறுவாப்பட்டையையும் தேயிலையையும் காயவைக்க மாத்தளைக்காரர்களும் கம்பளைக்காரர்களும் வாங்கிப் போனார்கள். முதலாளி ஷிராஸ் திகனையில் புடவைக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. பேராதனையில் பொறியியல் படித்துவிட்டுக் கடையில் உட்கார மனமில்லாமல் இந்தத் தொழிலில் இறங்கியவர். வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட பழைய இயந்திரங்களை இறக்கி, குடலை உருவிப் புதிது வைத்து ஓடவைப்பார்.

இயந்திரத்தின் உயிர் மக்னட்ரோன் என்கிற குழாய். அதில் பிறக்கும் அலை ஒரு நீள்சதுர அலுமினியக் குழாய் வழியாக ஓடி மிளகின் மேல் இறங்கும். ஆனால் சோதிக்கும்போது மிளகு கிடையாது. குழாயின் கடைசியில் தண்ணீர் ஓடும் பெட்டி ஒன்றைப் பூட்டிவிடுவார்கள். வருகிற சூட்டையெல்லாம் அந்தத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஓடுகிறது, உள்ளே போகும்போது எத்தனை பாகை, வெளியே வரும்போது எத்தனை பாகை, இந்த மூன்றும் தெரிந்தால் இயந்திரம் சொல்வது உண்மையா புளுகா என்று தெரிந்துபோகும். முழு வலுவில் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடவேண்டும். குழாய் மூட்டுகளில் அலை கசியக்கூடாது. அதுதான் சோதனை, அதைச் செய்பவர்தான் செல்லச்சாமி. கசிவு பார்க்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் இயந்திரத்தைச் சுற்றி வரும்போது, அந்த நடையில் ஊர்ச்சபைத் தலைவர் தோற்றுப்போவார்.

பதினெட்டு வயதில் அவர் போய்ச் சேர்ந்தது தோட்டத்துத் தேயிலை பெக்டரியில், டிரையர் வேலைக்கு. காய்கிற தேயிலையின் வாசனை எந்த நொடியில் கருகல் பக்கம் திரும்பும் என்று அவருடைய மூக்குக்குத் தெரியும். வெப்பமானி அதற்குப் பிறகுதான் சொல்லும். அங்கேதான் ஒரு முறை நன்றாகப் பட்டார். வெப்பமானி செத்துப்போய் ஒரு கிழமை ஆகியிருந்தது, அவரும் மூன்று தரம் போய்ச் சொல்லியிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒரு தொகைத் தேயிலை கருகியது. அதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு தாளை எழுதி நீட்டினார். செல்லச்சாமி நல்ல பிள்ளையாகக் கையெழுத்துப் போட்டார். தன்னுடைய கவனக்குறைவால்தான் எல்லாம் கருகியது என்று தானே ஒப்புக்கொண்டிருக்கிற சங்கதி, தொழிற்சங்கத்துக்காரர் வாசித்துச் சொன்னபோதுதான் அவருக்குத் தெரியவந்தது. மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

அதற்குப் பிறகு, தன் கண்ணால் பார்க்காத எதற்கும் அவர் பேனாவைத் தொடுவதில்லை. மகளைப் பாடசாலையில் சேர்க்கப் போனபோது விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் வாசித்தார். அதிபருக்குக் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறியே போனது. "இந்த மனுசன் கலியாண ரிஜிஸ்டர்ல எப்படித்தான் கையெழுத்துப் போட்டாரோ தெரியல" என்று மனைவி நல்லம்மா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அது பெக்டரிச் சம்பவத்துக்கு முன்னால் நடந்தது என்பதுதான் அவளுடைய அதிர்ஷ்டம்.

பெக்டரியை மூடியபோது அவருக்கு வயது முப்பத்தேழு. ஷிராஸின் பட்டறையில் காவலாளியாகச் சேர்ந்தார். காவலாளிக்குக் கேற்றடியில்தான் வேலை. ஆனால் உள்ளே ஏதாவது சூடேறுகிற வாசனை வந்தால் அவருடைய கால் தானாக உள்ளே போய்விடும். ஒரு நாள் உள்ளே பெரிய குழப்பம். முப்பது கிலோவொட் வரவேண்டிய இயந்திரம் கணக்குப்படி நாற்பத்தைந்து கொடுத்தது. கொடுக்கவே முடியாது. ஷிராஸ் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"மொதலாளி, ஒரு வாளி தாங்க" என்றார் செல்லச்சாமி.

"வாளி எதுக்கு?"

"தண்ணி எவ்வளவு வருதுன்னு அந்தக் கண்ணாடி மீட்டர்தானே சொல்லுது? அது சொல்லட்டும். நம்ம வாளி என்ன சொல்லுதுன்னும் பாப்போம்."

தண்ணீர் வெளியே வரும் குழாயை வாளிக்குள் விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து அளந்தார். நிமிடத்துக்கு முப்பது லீற்றர் என்று மீட்டர் சொன்ன இடத்தில் வாளியில் இருபதுதான் விழுந்தது. மீட்டருக்குள் மிதக்கிற குண்டு பாசி பிடித்து மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் காவலுக்கு வேறு ஆள் வந்தார். செல்லச்சாமி சோதனை மேசைக்குப் போனார். லீற்றரையும் பாகையையும் பெருக்கிப் பதினாலால் வகுத்தால் கிலோவொட் என்று ஷிராஸ் சொல்லிக்கொடுத்ததை அவர் மனக்கணக்காகவே போட்டுவிடுவார். முப்பது லீற்றர், பதினாலு பாகை ஏறினால் முப்பது கிலோவொட். பின்னாளில் வந்த பொறியியலாளர் ஹிதாயா, "பதினாலு இல்ல அண்ணே, பதினாலே கால், இன்னும் கொஞ்சம்" என்று திருத்தினாள். "அந்தக் கொஞ்சத்த நான் கடைசியில கழிச்சிர்றேன் மிஸ்" என்றார் அவர். இரண்டு பேருடைய விடையும் எப்போதும் ஒன்றாகவே வந்தது.

கையெழுத்துச் சட்டத்தைப் போட்டது ஷிராஸ்தான். "அண்ணன் பாக்காத ஒண்ணும் வெளிய போறல்ல" என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒரு தாளால் தலைகுனிந்த மனிதருக்கு, தன் பேர் இல்லாமல் ஒரு தாளும் செல்லாது என்கிற நிலை வந்தால் எப்படியிருக்கும்? அன்றைக்கு அவர் கண்டி பஸ் நிலையத்தில் இறங்கி, நல்லம்மாவுக்கு மல்லிகைப்பூவும் மகளுக்குத் தொதல் இனிப்பும் வாங்கிக்கொண்டு, தெல்தோட்டை பஸ்ஸில் யன்னலோர ஆசனம் பிடித்து உட்கார்ந்துகொண்டு போனார். அந்தக் கையெழுத்தை அவர் தன் வாழ்க்கையில் கிடைத்த பெரிய சொத்தாகவே வைத்திருந்தார்.

அவர் அந்தப் பட்டறைக்குக் கொண்டுவந்த இன்னொன்று ஆயுத பூசை. சேர்ந்த முதல் வருடமே தயங்கித் தயங்கி ஷிராஸிடம் கேட்டார். "செய்ங்க அண்ணே, வாழைப்பழம் நான் அனுப்புறன்" என்றார் ஷிராஸ். அதிலிருந்து நவராத்திரி முடிகிற நாளில் பட்டறை கழுவிவிடப்படும். அவலும் கடலையும் நல்லம்மா கட்டிக்கொடுத்த வடையும் வரும். குறடு, சுத்தியல், மீட்டர், இயந்திரம், ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் செல்லச்சாமி சந்தனம் குங்குமம் வைப்பார். முஸ்லிம்களும் சிங்களவர்களும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, வடைக்கு மட்டும் முன்னால் வருவார்கள். அவருடைய நெற்றியிலும் வருடம் முழுக்கச் சந்தனம் இருக்கும். கோயில் சந்தனக் கட்டையில் உரைத்தது, கட்டியாக, இரண்டு ரூபாய் நாணயக் குற்றியளவு. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வந்துவிடும் என்று பட்டறையில் கேலி செய்வார்கள்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில், மாத்தளையில் மிளகு வாங்கிக் காயவைக்கிற ஒரு நிறுவனத்துக்கு இயந்திரம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. மக்னட்ரோன் புத்தம் புதியது, வெளிநாட்டிலிருந்து பஞ்சு மெத்தையில் படுத்து வந்தது. ஆயுத பூசை வந்தபோது இயந்திரம் பாதிதான் பூட்டியிருந்தது. மீதி உறுப்புகள் மேசையில் வரிசையாகக் கிடந்தன. அவற்றில் ஒன்று வெள்ளை நிறத்தில் ஒரு தடித்த டெஃப்லோன் தகடு. அலை அதற்குள் புகுந்து போய்விடும், தூசியும் ஈரமும் போகாது. அலுமினியக் குழாய்க்குள் மிளகுத் தூசி ஏறிவிடாமல் கதவுபோல் நடுவில் நிற்பது. செல்லச்சாமி மேசையில் இருந்ததையெல்லாம் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் வைத்ததைப்போல அந்தத் தகட்டுக்கும் வைத்தார். வெள்ளைத் தகட்டில் சந்தனம் எடுப்பாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை சோதனை தொடங்கியது. பத்துக் கிலோவொட்டில் இயந்திரம் தொட்டில் குழந்தையைப்போல் இருந்தது. பதினைந்திலும் ஒரு சத்தமில்லை. பதினெட்டைத் தாண்டி நாலு நிமிடத்தில் "டப்" என்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு, எல்லாம் நின்றது. குழாய்க்குள்ளே எங்கேயோ நெருப்புப் பொறி பறந்திருக்கிறது. பொறியைக் கண்டதும் பாதுகாப்புக் கருவி மின்சாரத்தை வெட்டிவிட்டது. மறுபடி ஏற்றினார்கள். பதினெட்டு, நாலு நிமிடம், டப். மூன்று நாளும் இதே பாட்டு. ஹிதாயா மக்னட்ரோன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்; குழாய் அங்கே வளைவதால் தகடுவரை கண் போகாது. மூட்டுகளைத் துடைத்தாள், தண்ணீர்ப் பெட்டியைக் கழற்றி அந்தப் பக்கமிருந்து வெள்ளைத் தகட்டுக்கு டோர்ச் அடித்தாள். தகடு பால்போல இருந்தது. அவள் எல்லாவற்றையும் மறுபடி பூட்டச் சொன்னாள். சூடேறிய குழாயிலிருந்து வருகிற காற்றில் சந்தன வாசனை வந்ததை எல்லோரும்தான் முகர்ந்தார்கள். செல்லச்சாமி அண்ணன் பக்கத்தில் நிற்கிறார் என்றுதான் நினைத்தார்கள். செல்லச்சாமியும் அப்படியே நினைத்தார்.

நாலாம் நாள் ஷிராஸ் முடிவெடுத்தார். "மக்னட்ரோன் குழாய்தான் பழுது. திருப்பி அனுப்புவம். புதுசு வாறதுக்கு ரெண்டு மாசம் ஆகும், மாத்தளைக்கு நான் பேசிக்கொள்றன்." ஹிதாயா தாளைத் தட்டச்சு செய்தாள். புது மக்னட்ரோன் பழுதானது, பதினெட்டுக் கிலோவொட்டுக்கு மேல் தாங்கவில்லை. கீழே சோதித்தவர் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

செல்லச்சாமி தாளை வாங்கினார், வாசித்தார், மடித்தார்.

"மிஸ், குழாய் பழுதுன்னா கரண்ட் ஆடும். இது கடைசி நொடி வரைக்கும் அசையாம நிக்குது. குழாய் மேல எனக்குச் சந்தேகமே இல்ல."

"அப்ப என்ன காரணம், அண்ணே?"

"அது தெரியல. தெரியாததுல எப்படிங்க கையெழுத்துப் போடுறது? அனுப்பினவன் எங்கயோ இருக்கான். அவன் மேல சும்மா பழிய போடச் சொல்றீங்களா?"

"சரி, ரெண்டு நாள் பாருங்க" என்றார் ஷிராஸ். குரலில் சலிப்பு இருந்தது. பத்து வருடத்தில் செல்லச்சாமி கேட்காத சலிப்பு. தன் சொல்லின் மேல் முதலாளிக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. இந்த இரண்டு நாளில் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால், ஒன்று பொய்த்தாளில் கையெழுத்து, அல்லது கையெழுத்துப் போட வேறு ஆள்.

அந்தச் சமயம் பார்த்து தோட்டத்தில் அவருடைய பெரியப்பா மகன் கறுப்பையா இறந்துபோனார். பங்காளி வீட்டுச் சாவு, பதினாறு நாள் தீட்டு. காரியத்துக்கு நின்றுவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்தார். தீட்டுக் கழியும் வரை கோயிலும் இல்லை, பொட்டும் இல்லை. வெறும் நெற்றியோடு அவரைப் பார்த்தபோது பட்டறைக்காரர்களுக்கே யாரோ புது ஆள் வந்ததுபோல இருந்தது. ஷிராஸ் வந்து துக்கம் விசாரித்தார். தாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் செல்லச்சாமிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துர்றேன் மிஸ்" என்றார்.

ஹிதாயா தலையாட்டிவிட்டு அலுவலக அறைக்குப் போனாள். இயந்திரங்களைப் பூட்டுகிற ஹபீல், திகனைக்காரர், மூன்று பிள்ளைகளின் வாப்பா, மட்டும் கூட நின்றார். பத்து, பன்னிரண்டு, பதினைந்து. செல்லச்சாமி வழக்கம்போலக் கசிவுக் கருவியோடு மூட்டு மூட்டாகப் போனார். வெள்ளைத் தகட்டுக்குச் சற்று முன்னால், குழாய்க்குள் ஊதுகிற காற்று வெளியேறும் துளைகளருகே வந்தபோது நின்றார். மூக்கைத் தூக்கினார். சந்தனம்.

கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். நெற்றி வெறுமையாக இருந்தது.

"ஹபீல், நீ ஏதாவது சென்ட் போட்டிருக்கியா?"

"இல்ல அண்ணே. ஒங்கட சந்தனம்தானே மணக்குது?" என்று சொல்லிக்கொண்டே ஹபீல் அவருடைய முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய வாய் மூடவில்லை.

மின்சாரத்தை வெட்டி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு செல்லச்சாமி ஸ்பானரை எடுத்தார். வெள்ளைத் தகட்டைச் சுற்றி இருபத்துநாலு போல்ட். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகக் கழற்றினார்கள். தகட்டை வெளியே எடுத்துத் திருப்பியபோது, மக்னட்ரோனைப் பார்த்த பக்கத்தில், சரியாக நடுவில், கறுத்துக் கரியாகிப்போன ஒரு பொட்டு. விளிம்பில் மட்டும் இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருந்தது. கரியிலிருந்து நாலா பக்கமும் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. பொறி பறந்த தடம். அது தன் விரல் வைத்த அளவு என்று செல்லச்சாமிக்கு நன்றாகத் தெரிந்தது.

ஹபீல் பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பூட்டக்குள்ள கண்டேன் அண்ணே. சாமிக்கு வச்சது. நான் எப்படித் துடைக்கிற? எங்கட பள்ளியில வச்ச ஒண்ண வேற ஒருத்தன் வந்து துடைச்சா எங்களுக்கு எப்படி ஈக்கும்? அதான் விட்டேன். தண்ணிப் பக்கம் வச்சா நனைஞ்சிரும்னு, உள்பக்கமாத் திருப்பிப் பூட்டினேன்."

செல்லச்சாமி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர்ப் பக்கம் வைத்திருந்தால் ஹிதாயா அடித்த டோர்ச்சிலேயே அகப்பட்டிருக்கும். அவருடைய பொட்டு நனையக்கூடாது என்று ஒரு மனிதர் பார்த்துப் பார்த்து வைத்த கவனத்தால் ஒரு கிழமை போயிருக்கிறது.

"அண்ணே" என்று ஹபீல் குரலைத் தாழ்த்தினார். "துடைச்சிட்டுப் பூட்டிருவம். போல்ட் ஒண்ணு இறுகாம ஈந்திச்சு, இறுக்கினோம்னு செல்லுவம். குழாய் நல்லம், மிஷின் ஓடும், நீங்க சொன்னதும் சரியாப்போகும். யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மையைச் சொன்னால், துடைக்கிற துணி அப்போது செல்லச்சாமியின் கையில்தான் இருந்தது. அவர் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. தோட்டத்துச் சம்பவத்தில் அதிகாரி எழுதியது பொய். அதற்கே அவர் எவ்வளவு வெட்கப்பட்டார். இதுவோ உண்மை. எழுதினால் பட்டறை சிரிக்கும். தன் கையால் இயந்திரத்தைக் கெடுத்தவன் எப்படி இயந்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது? பூசையும் அதோடு போகும். எந்த முதலாளி இனிச் சம்மதிப்பார்? பத்து வருடமாகச் சேர்த்த மரியாதை முழுவதும் ஒரு பொட்டில் போய்விடும். துணியை மண்ணெண்ணெயில் நனைக்கக்கூடப் போனார்.

அப்போதுதான் மாத்தளை ஞாபகம் வந்தது. மிளகு காயவைக்கிற அந்த இடத்திலும் வேலைக்கு நிற்பவர்கள் தன்னைப் போன்றவர்கள்தான். அடுத்த வருடம் அங்கேயும் ஆயுத பூசை வரும். துப்புரவாக்குவதற்காக யாராவது இந்தத் தகட்டைக் கழற்றி வைத்திருப்பார்கள். யாராவது ஒரு புண்ணியவான் சந்தனக் கிண்ணத்தோடு வருவான். போல்ட் இறுகவில்லை என்று தாளில் எழுதியிருந்தால், அந்தப் புண்ணியவானுக்கு எப்படித் தெரியும்? இயந்திரம் நிற்கும், மிளகு பூசணம் பிடிக்கும், அங்கே ஒரு அதிகாரி ஒரு தாளை எழுதுவார், எவனோ ஒரு செல்லச்சாமி கீழே கையெழுத்துப் போடுவான்.

துணியை ஓரமாகப் போட்டார். "தகட்ட அப்படியே வையி தம்பி. மிஸ்ஸ கூப்பிடு."

ஹிதாயா வந்து பார்த்தாள், குனிந்து முகர்ந்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு பெரும்பாடு. "வச்சதுதான் வச்சீங்க அண்ணே, அலை ஆகக் கூட வாற இடம் பாத்துச் சரியா நடுவுல வச்சிருக்கீங்களே! ஓரத்துல வச்சிருந்தா தப்பியிருக்கும்."

"பொட்டு ஓரத்துல வைக்கிற வழக்கம் இல்லைங்க மிஸ்" என்றார் செல்லச்சாமி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தகட்டைச் சுரண்டிப் பார்த்ததில் கரி உள்ளே இறங்கியிருந்தது. இருப்பிலிருந்த புதுத் தகட்டைப் போட்டார்கள். மறுநாள் காலை ஏழரைக்கு ஏற்றினார்கள். பதினெட்டைத் தாண்டியது. இருபத்தைந்து. முப்பது. உள்ளே போகிற தண்ணீர் இருபத்துமூன்று பாகை, வெளியே வருவது முப்பத்தேழும் கொஞ்சமும். எட்டு மணி நேரத்தில் சிவப்பு விளக்கு ஒரு தரம்கூடக் கண் விழிக்கவில்லை. கசிவுக் கருவியின் முள் சுகமாகத் தூங்கியது. பட்டறை முழுக்க ஒருவிதத் திருவிழாச் சந்தோஷம். ஹபீல் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினார். செல்லச்சாமி மட்டும் மேசையடியில் உட்கார்ந்து, வாயை அசைத்து அசைத்துத் தாளை எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்ததை ஹபீலுக்கு வாசித்துக் காட்டினார். 'முன்பு நின்றதற்குக் காரணம்: வெள்ளைத் தகட்டில் சந்தனம் வைத்தது. வைத்தவர்: செல்லச்சாமி. மக்னட்ரோன் குழாயில் ஒரு பழுதும் இல்லை. வாங்குபவர் கவனத்துக்கு: இந்தத் தகட்டில் சந்தனம், குங்குமம், விபூதி எதுவும் வைக்கக் கூடாது. இயந்திரத்தின் வெளிக்கதவில் வைக்கலாம்.'

"என்ட பேர் இல்லையே" என்றார் ஹபீல். "துடைக்காம விட்டது நான்தானே. அதையும் எழுதுங்க."

"நீ செஞ்சது மரியாத தம்பி. அத எழுத இந்தத் தாள்ல எடம் இல்ல."

ஷிராஸ் நாலு மணிக்கு வந்தார். ஹிதாயா தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் செல்லச்சாமி எழுந்து நின்று தாளை நீட்டினார். ராத்திரியெல்லாம் யோசித்து மனப்பாடம் பண்ணிவைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னார்.

"தப்பு என்னோடதுங்க மொதலாளி. இனிமே பூச வேணாங்க. கையெழுத்தையும் மிஸ்ஸே போடட்டும். நான் தண்ணி மட்டும் அளந்து குடுக்கிறேன்."

ஷிராஸ் தாளை வாங்கி வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தார்.

"அண்ணே, பூச வேணாம்னு இதுல எங்க எழுதியீக்கி?"

"எழுதலைங்க."

"வெளிக்கதவுல வைக்கலாம்னு எழுதியீக்கி."

"ஆமாங்க."

"செல்லச்சாமி இனிக் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு எழுதியீக்கா?"

"இல்லைங்க, ஆனா..."

"அப்ப சும்மா ஈங்க. ஒங்கட தாள்ல இல்லாத ஒண்ண நான் எப்பவாவது செஞ்சீக்கனா?" ஷிராஸ் தாளை மேசையில் வைத்து, கீழேயிருந்த கோட்டைத் தட்டிக் காட்டினார். எல்லாவற்றையும் எழுதியிருந்த செல்லச்சாமி அந்த ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். "பழுது குழாய்லன்னு நான் எழுதச் சொன்னேன், நீங்க மாட்டேன்னீங்க. அது சரியாப் போச்சு. பழுது ஒங்கட கையிலன்னா, அதையும் நீங்களே எழுதியீக்கீங்க. இதுக்கு மேல ஒரு கையெழுத்து எங்க தேடுற நான்? மாத்தளை லொறி வெளிய நிக்கிது. போடுங்க."

செல்லச்சாமி பேனாவைத் தேடினார். அது அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது, ஆனால் கண் கலங்கியிருந்ததால் சட்டைப் பை எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. ஹபீல்தான் எடுத்துக் கொடுத்தார். அவர் கதிரையில் உட்கார்ந்து, கோட்டின் மேல், ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல், தன் பெயரை முழுசாக எழுதினார்.